நாலு மைக்ரான்

என் அத்தையின் வேலை ஈரல் சீவுவது. ஈரல் மட்டுமல்ல, சிறுநீரகம், குடல், தோல் என்று எது வந்தாலும் சீவுவார். பெரிய மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் உள்ள ஆய்வுக்கூடத்தில், ஜன்னலைப் பார்த்த இரண்டாவது நாற்காலி அவருடையது.

நோயாளியின் உடம்பிலிருந்து ஊசியால் எடுத்த சதைத் துணுக்கு சிறு குப்பியில் அங்கே வந்து சேரும். அது ஆல்கஹாலிலும் வேறு சில கரைசல்களிலும் ஊறி, உருகிய மெழுகைக் குடித்து, மறுநாள் காலை தீப்பெட்டி அளவு மெழுகுக் கட்டியாக அத்தையின் தட்டில் இருக்கும். கட்டியை இயந்திரத்தில் மாட்டிச் சக்கரத்தைச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் பிளேடு ஒரு ஏடு சீவும். ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நாடாவாக நீளும். அதைத் தூரிகையால் தாங்கி வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் துண்டால் ஏந்தி எடுக்க வேண்டும். பிறகு சாயம் ஏற்றுவார்கள். ஏட்டின் தடிமன் நாலு மைக்ரான். ஒரு தலைமுடியைப் பதினேழு பதினெட்டாகப் பிளந்தால் கிடைக்கும் கனம்.

மற்றவர்கள் சீவும் ஏடுகள் ஒரு நாள் கொஞ்சம் தடித்தும் ஒரு நாள் கொஞ்சம் மெலிந்தும் இருக்கும். அத்தையின் ஏடுகள் அப்படி இருந்ததில்லை. அதனால் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு 'நாலு மைக்ரான் அக்கா' என்று பெயர். பேச்சும் அப்படித்தான், அளந்துதான் வரும் என்பார்கள். எங்கள் வீட்டில் அந்த அளவு செல்லாது.

ஆய்வுக்கூடத்தில் எங்கேயும் எழுதிவைக்காத வழக்கம் ஒன்று உண்டு. தெரிந்தவர் ஒருவருடைய சதை தன் தட்டில் வந்துவிட்டால், அந்தத் தட்டைப் பக்கத்து நாற்காலியின் பக்கம் ஒரு சாண் தள்ளிவிட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் ஏன் என்று கேட்க மாட்டார். எடுத்துச் சீவுவார். அத்தை இருபத்திரண்டு வருடத்தில் மூன்று முறை தள்ளியிருக்கிறார். எதிர்வீட்டு ஆசிரியைக்கு ஒரு முறை, மருத்துவமனை வாயிலில் பத்திரிகை விற்பவருக்கு ஒரு முறை, தன் கணவருக்கு ஒரு முறை. கணவருடையது ஒன்றுமில்லை என்று வந்தது.

அவருடைய ஒரே தம்பி என் அப்பா. லிஃப்ட் மெக்கானிக். ஒட்டடைக்குச்சி என்று பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் ஐம்பது வயதை நெருங்கியும் போகவில்லை. கம்பெனியில் வருடாந்திரப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஸ்கேனில் ஈரல் நிறையக் கொழுப்பு என்று வந்தது. கம்பெனி டாக்டர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று கேட்டார்.

"மூணு லிட்டர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"தண்ணி சார். பச்சைத் தண்ணி. வேற எதையும் தொட்டதே இல்லை."

டாக்டர் நம்பவில்லை. நம்பாததை எழுதியும் வைத்தார். அப்பா அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து அத்தையிடம் காட்டினார்.

"உன் உடம்புல வாயில மட்டும்தான் கொழுப்புன்னு நெனச்சிட்டிருந்தேன்," என்றார் அத்தை. "ஈரல் வரைக்கும் போயிடுச்சா?"

சிரித்துவிட்டு அத்தை அந்தக் காகிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தார். என் தாத்தா ஐம்பத்தொன்றாவது வயதில் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி இறந்தவர். அவரும் ஒல்லி. அவரும் குடிப்பதில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். உறவில் யாரும் அதை ஏற்கவில்லை. அப்போது பத்தொன்பது வயதான அத்தை, அவருடைய கட்டிலுக்கு அடியிலும் பெட்டிகளிலும் பரண்மேலும் பாட்டில் தேடியிருக்கிறார். ஒன்றும் அகப்படவில்லை. ஒளித்துவைப்பதில் கெட்டிக்காரர் என்று அதற்கும் சொன்னார்கள்.

அத்தைதான் அப்பாவைத் தன் மருத்துவமனையின் ஈரல் பிரிவுக்கு அழைத்துப்போனார். அங்கே ரத்தத்தை எடுத்து மரபணுவைப் பார்த்தார்கள். ஈரல் கொழுப்பைக் கரைத்து வெளியே அனுப்புவதற்கு உதவும் ஒரு மரபணு, அப்பாவிடம் இரண்டு பிரதியிலும் கோளாறாக இருந்தது. ஒன்று தாத்தா கொடுத்தது, இன்னொன்று பாட்டி கொடுத்தது. மெலிந்த ஆளுக்கும், மதுவைத் தொடாத ஆளுக்கும் ஈரலில் கொழுப்பு சேர இது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள்.

"பாத்தியா, அப்பா குடிக்கவே இல்லை," என்றார் என் அப்பா.

"அப்படியும் சொல்லிட முடியாது," என்றார் அத்தை. "ஜீனும் இருந்திருக்கலாம், பாட்டிலும் இருந்திருக்கலாம். இந்தக் காகிதத்துல பாட்டிலைப் பத்தி ஒண்ணும் இல்லையே."

"உன்னால நல்லதா ஒரு வார்த்தை சொல்லவே முடியாதா, அக்கா?"

"காகிதத்துல இருக்கறதைத்தானே சொல்றேன்."

அந்தப் பிரிவில் அப்போது ஒரு ஆராய்ச்சி தொடங்கவிருந்தது. ஒன்பது பேருக்கு மட்டும். கோளாறான மரபணுவுக்கு மாற்றாக நல்ல பிரதி ஒன்றை ஈரலுக்குள் அனுப்பிப் பார்ப்பது. அதற்கான ஒப்புதல் படிவம் இருபத்தாறு பக்கம். அப்பாவுக்குப் பழக்கமில்லாத மொழியில் இருந்ததால் நான் உட்கார்ந்து தமிழில் வாசித்தேன். 'பலன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்' என்ற வரி அதில் ஏழு இடத்தில் வரும். ஏழு முறையும் அப்பா முதல் பாதிக்குத் தலையாட்டினார்.

அத்தைக்கு அவரே விளக்கினார். "ஒரு வைரஸை எடுத்து, உள்ள இருக்கறதையெல்லாம் காலி பண்ணி, வெறும் கூட்டை மட்டும் வெச்சுக்குவாங்களாம். அதுக்குள்ள நல்ல ஜீனை வெச்சு சலைன்ல ஏத்தினா, நேரா ஈரலுக்குப் போய் இறங்கிடுமாம். ஒரே தடவைதான். லிஃப்ட் மாதிரி."

"யாருக்கெல்லாம் இறங்கியிருக்கு இதுவரைக்கும்?"

"எலிக்கு. ஈரல் சுத்தமாயிடுச்சாம்."

"எலி இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கும்."

"ஈரல் சுத்தமாயிடுச்சுன்னு எப்படிடா தெரியும்? வெட்டிப் பாத்துதானே சொல்லியிருப்பாங்க. அங்கேயும் என்னை மாதிரி ஒருத்தி உக்காந்திருப்பா."

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அந்த ஒன்பது பேரில் ஒருவராக வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டார். தாத்தாவின் வயதுக்கு இன்னும் இரண்டு வருடம்தான் இருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் அந்தக் கணக்குத் தெரியும்.

ஆராய்ச்சியில் சேர ஒரு நிபந்தனை இருந்தது. நாள்பட்ட கொழுப்பு ஈரலில் தழும்பு விழும். அந்தத் தழும்பைப் பூஜ்யத்திலிருந்து நாலு வரை நிலை பிரிப்பார்கள். இரண்டிலும் மூன்றிலும் இருப்பவர்களை மட்டுமே எடுப்பார்கள். அதற்குக் கீழே இருந்தால் நடக்கச் சொல்லி, சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். நாலு என்றால் காலம் கடந்துவிட்டது. ஸ்கேன் அப்பாவுக்கு 'ஒன்று அல்லது இரண்டு' என்று சொல்லியிருந்தது. உறுதியாகச் சொல்ல ஈரலிலிருந்து ஒரு துணுக்கு வேண்டும்.

ஆராய்ச்சிக்கு வருகிறவர்களின் பெயரை ஆய்வுக்கூடத்துக்குச் சொல்ல மாட்டார்கள். எண் மட்டும்தான். துணுக்கு எடுத்த அன்று மாலையே அப்பா அத்தைக்குப் போன் செய்தார்.

"ஊசி போட்டு எடுத்துட்டாங்க அக்கா. வலியே இல்லை. என் நம்பர் பதினேழு."

"அதை ஏன்டா என்கிட்ட சொல்றே?"

"சும்மா சொன்னேன்."

இரண்டு நாள் கழித்துப் பதினேழு அத்தையின் தட்டில் வந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் அன்று விடுப்பில் இல்லை. நாற்பது வயதுக்காரர், பத்து வருட அனுபவம், தட்டைத் தள்ளியிருந்தால் எடுத்துக்கொண்டிருப்பார். அத்தை தள்ளவில்லை. காரணத்தை வெகுநாள் கழித்துச் சொன்னார்: அவர் கட்டியை மாட்டியதும் முதல் சில சுற்றுகளை வேகமாகச் சுற்றி வீணாக்குவார். அப்பாவின் துணுக்கு நூல் மாதிரி, ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. அதில் வீணாக்க ஒன்றுமில்லை.

அதற்கு முன்னால் அத்தை ஒரு சிறுநீரகத் துண்டைச் சீவியிருந்தார். அதில் தேடிய பொருள் கனமான ஏட்டில்தான் தெரியும் என்பதால் இயந்திரத்தின் தடிமன் திருகை எட்டு மைக்ரானுக்கு வைத்திருந்தார். முடிந்ததும் திருகை நாலுக்குத் திருப்ப வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் மறந்ததில்லை. அன்று திருப்பாமல் பதினேழைச் சீவினார்.

நாடா தண்ணீரில் மிதந்தபோதே தெரிந்துவிட்டது. நாலு மைக்ரான் ஏட்டின் வழியாகத் தொட்டியின் கறுப்பு அடிப்பக்கம் தெரியும். இது வெண்மை தட்டிக் கிடந்தது. அதை ஒதுக்கிவிட்டு வேறு சீவியிருக்கலாம். கட்டியில் இன்னும் மிச்சம் இருந்தது. அத்தை கண்ணாடியை நீரில் இறக்கி, அந்த ஏட்டையே ஏந்தி எடுத்தார். பிறகுதான் திருகை நாலுக்குத் திருப்பினார். பதிவேட்டில் தடிமன் என்ற கட்டத்தில் '4' என்று அச்சிலேயே இருக்கும். எழுத வேண்டிய வேலை கிடையாது, கையெழுத்து மட்டும் போட்டார்.

தழும்பைக் காட்டும் சாயம் சிவப்பு. ஏடு தடித்தால் சிவப்பும் கூடும். இழை மேல் இழை விழுந்து, ஒன்று இரண்டாகத் தெரியும். ஆல்கஹால் கொழுப்பை முன்பே கரைத்துவிடுவதால், கொழுப்பு இருந்த இடமெல்லாம் வெறும் வெள்ளை வட்டங்களாக இருக்கும். அப்பாவின் ஈரலில் அந்த வட்டங்கள் நிறைய இருந்தன. சுற்றிலும் சிவப்பு.

ஸ்லைடு பார்க்கும் டாக்டரம்மா கதவருகே வந்து நின்றார்.

"பதினேழுல சிவப்பு தூக்கலா இருக்கே. சாயம் புதுசா?"

"ஆமா மேடம். இன்னைக்குத்தான் புது பாட்டில் பிரிச்சோம்."

அது உண்மைதான். டாக்டரம்மா இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய் 'இரண்டு' என்று எழுதினார்.

எங்கள் வீட்டில் கொண்டாட்டம். அப்பாவின் ஈரல் இரண்டாம் நிலையில் கெட்டுப்போயிருக்கிறது என்று அம்மா போனில் ஒவ்வொருவருக்கும் சந்தோஷமாகச் சொன்னார். "ஒண்ணுன்னு வந்திருந்தா என்ன பண்ணியிருப்போம்? நல்லவேளை." அப்பா ஷேவ் செய்துகொண்டே பாட்டுப் பாடினார். அத்தைக்கு இரண்டு முறை போன் செய்தோம். எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் அவரே வந்தார். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு, என்னிடம் அந்தப் படிவத்தை எடுத்துவரச் சொன்னார்.

"இதுல சேரக்கூடாத ஆள் தெரியாம சேந்துட்டா என்ன ஆகும்னு போட்டிருக்கா பாரு."

தேடினேன். அப்படி நேராக ஒன்றும் இல்லை. பத்தொன்பதாம் பக்கத்தில் வேறு ஒன்று இருந்தது. முன்பு அப்பாவுக்கு வாசித்தபோது அவர் அதைக் கவனிக்கவில்லை. நானும் நிறுத்தி விளக்கவில்லை. இந்த மருந்தை ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறைதான் கொடுக்க முடியும். ஒரு முறை ஏற்றியபின் உடம்பு அந்த வைரஸ் கூட்டை அடையாளம் வைத்துக்கொள்ளும், அடுத்த முறை உள்ளே விடாது. முதல் ஒன்பது பேருக்குக் கொடுப்பது மிகக் குறைந்த அளவு. பாதுகாப்பைப் பார்ப்பதற்கு மட்டுமே, அதில் பலனை எதிர்பார்க்க வேண்டாம். பின்னால் சரியான அளவு கண்டுபிடிக்கப்பட்டாலும் இவர்கள் அதைப் பெற முடியாமல் போகலாம்.

"இன்னொரு தரம் வாசி," என்றார் அத்தை. வாசித்தேன்.

"ஈரலுக்குக் கெடுதல் வரும்னும் இருக்கா?"

"வரலாம்னு இருக்கு அத்தை. எதிர்ப்பு சக்தி கிளம்பி ஈரல் வீங்கலாம். கொஞ்ச நாள் மாத்திரை கொடுத்துப் பாத்துக்குவாங்களாம்."

டீ ஆறிப்போயிருந்தது. அதை அப்படியே ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார்.

"ஏன் அண்ணி, ஏதாவது பிரச்சினையா?" என்றார் அம்மா.

"பிரச்சினை இல்லம்மா. அவனை ஞாயித்துக்கிழமை வீட்டுல இருக்கச் சொல்லு."

மறுநாள் காலை அவர் டாக்டரம்மாவின் அறைக்குப் போனார். நடந்ததைப் பிற்பாடு இரண்டு பேர் எனக்குச் சொன்னார்கள், அத்தையும், கதவுக்கு வெளியே நின்று கேட்ட பக்கத்து நாற்காலிக்காரரும். இருவரும் சொன்னது ஒன்றுபோலவே இருந்தது.

"பதினேழு எட்டுல சீவினது மேடம்."

டாக்டரம்மா நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்தார். "எந்தப் பதினேழு?"

"ஆராய்ச்சிக்காரங்க ஈரல். கிட்னிக்கு எட்டு வெச்சது, மாத்த மறந்துட்டேன். தண்ணியில மிதக்கும்போதே தெரிஞ்சுது. இருந்தும் எடுத்துட்டேன்."

"ஏன்?"

"என் தம்பியோடது."

டாக்டரம்மா பதினேழின் ஸ்லைடைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "சாயம் புதுசான்னு நான் கேட்டேனே."

"சாயம் புதுசுதான் மேடம்."

"நான் கேட்டது சாயத்தைப் பத்தி இல்லைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"மறந்தீங்களா, மறக்கணும்னு மறந்தீங்களா?"

"அதைத்தான் அஞ்சு நாளா யோசிக்கிறேன் மேடம். தெரியலை. திருகை மாத்தாதது வேணும்னா மறதின்னு வெச்சுக்கலாம். எடுத்தது மறதி இல்லை."

பக்கத்து நாற்காலிக்காரரைக் கூப்பிட்டு அதே கட்டியை மறுபடி சீவச் சொன்னார்கள். அவர் முதல் சுற்றுகளை வேகமாகச் சுற்றவில்லை. அத்தை சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாயப் பாட்டில்களின் மூடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மத்தியானம் முடிவு வந்தது. ஒன்று. சந்தேகத்துக்கு இடமில்லாத ஒன்று.

டாக்டரம்மா ஆராய்ச்சி அலுவலகத்துக்கு எழுதினார். அத்தைக்கும் ஒரு கடிதம் வந்தது. ஒரு வருடத்துக்கு ஆராய்ச்சித் தட்டுகள் எதுவும் அவர் மேசைக்கு வரக்கூடாது. கடிதத்தைப் படித்து, கையெழுத்திட்டு, புது பிளேடுகள் வைக்கும் இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.

ஆராய்ச்சி அலுவலகம் போன் செய்வதற்கு முன்பே, ஞாயிற்றுக்கிழமை, அத்தை வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டார். அப்பா வாசல் மணியைக் கழற்றி மேசைமேல் பரப்பி வைத்திருந்தார். கேட்டு முடிக்கும் வரை ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்கவில்லை.

"எட்டுல இருந்தா எட்டுல இருந்துட்டுப் போகட்டும். யாராவது கேட்டாங்களா? ஏன் போய்ச் சொன்னே?"

"உனக்கு ஒண்ணுதான்டா. ரெண்டு இல்லை."

"ஒரு நம்பர். ஒரே ஒரு நம்பர் அக்கா."

"ஒரே ஒரு ஊசிதானே அதுவும்? இப்பப் போய் சும்மா கொஞ்சூண்டு ஏத்திட்டு வந்துட்டா, நாளைக்கு நிஜமா வேணும்கறப்ப கிடையாது. பத்தொம்பதாம் பக்கம் படி."

"நாளைக்கு நான் இருக்கணுமே. அப்பா ஐம்பத்தொண்ணுல போயிட்டாரு."

அதைக் கேட்டதும் அம்மா உள்ளே போய்விட்டார். அத்தை நாற்காலியை இழுத்து அப்பாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"அப்பா ஈரலை யாரும் சீவிப் பாக்கலை. உன்னோடதைப் பாத்தாச்சு. ஒண்ணு. ஒண்ணுல இருக்கறவன் ரெண்டு வருஷத்துல போறதில்லை."

"உனக்கு என்ன தெரியும்?"

"சரி, நீ ஒண்ணு சொல்லு. எடை அதிகமானா கத்தற சென்சர் வேலை செய்யலை. அதைக் கழட்டி வெச்சுட்டு லிஃப்ட் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போடுவியா?"

"மாட்டேன்."

"அப்புறம்?"

"அது லிஃப்ட்டு. இது நான்," என்றார் அப்பா.

அப்பா மணியை மறுபடி பூட்டி, ஒரு முறை அழுத்திப் பார்த்தார். அடித்தது. அதன்பின் ஏழு மாதம் அவர் அத்தையோடு பேசவில்லை. அம்மா உறவினர்களுக்கு மறுபடி போன் செய்தார். "ஈரல் நல்லாத்தான் இருக்காம்," என்று வருத்தத்தோடு சொன்னார். "ஆமா, என்ன பண்றது. எடுத்துக்கலை."

அப்பா மாடிப்படி ஏறத் தொடங்கினார். பழுது பார்க்கப் போகும் கட்டிடங்களில் லிஃப்ட் நன்றாக ஓடும் நாளிலும் படியில்தான் போனார். இனிப்பான பானங்களை விட்டார். சொந்தத் தொழிலுக்கே துரோகம் செய்கிறார் என்று உடன் வேலை செய்பவர்கள் கிண்டல் செய்தார்கள். ஏழாம் மாதம் அத்தையின் வீட்டிலிருந்த பழைய மின்விசிறி நின்றுபோனது. மாமா போன் செய்ததும் அப்பா போய்ச் சரிசெய்தார். அத்தை மேசையை நகர்த்திக் கொடுத்தார். "விளக்கைப் பிடி," என்றார் அப்பா. பேச்சு அப்படித் தொடங்கியது.

அந்த ஒன்பது பேருக்கும் மருந்து ஏற்றி முடித்தார்கள். சிலருக்குக் கொழுப்பு கொஞ்சம் குறைந்ததாகவும், ஒருவருக்கு ஈரல் சில வாரம் வீங்கி அடங்கியதாகவும், மற்றவர்களிடம் குறிப்பிடும்படி மாற்றமில்லை என்றும் அத்தை கேள்விப்பட்டார். அடுத்த கட்டத்துக்கு மருந்தின் அளவைக் கூட்டி, வேறு ஆட்களைத் தேடினார்கள். இந்த முறை ஒன்றாம் நிலையில் இருப்பவர்களையும் பரிசீலிப்பதாக அறிவிப்பு வந்தது. அப்பாவுக்கு ஐம்பது முடிந்து சில மாதம் ஆகியிருந்தது. மறுபடி பெயர் கொடுத்தார். மறுபடி ஊசி போட்டு எடுத்தார்கள். அன்று மாலை அத்தைக்குப் போன் செய்தார்.

"எடுத்துட்டாங்க அக்கா."

"சரி."

"நம்பர் சொல்ல மாட்டேன்."

"சொன்னா போனை வெச்சுடுவேன்."

அத்தையின் ஒரு வருடத் தடை முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த வாரம் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து ஆறு ஈரல் வந்தது. ஆறும் நூல் துணுக்கு, ஆறும் எண். அத்தை முதல் தட்டைப் பக்கத்து நாற்காலியின் பக்கம் தள்ளினார். பக்கத்து நாற்காலிக்காரர் எடுத்துக்கொண்டார். இரண்டாவதைத் தள்ளினார். மூன்றாவதையும் தள்ளினார். ஆறாவது தட்டு வந்தபோது அவர் மேசையில் இடமில்லை.

"என்னக்கா இது," என்றார் அவர், வழக்கத்தை மீறி. "அத்தனை பேரும் உங்க சொந்தக்காரங்களா?"

"ஆமா," என்றார் அத்தை. "திருகு நாலுல இருக்கான்னு பாத்துட்டு சீவு."